வால் சக்கரம் உதறுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி கிங்பின் சாய்வைப் பாருங்க

டெக்சாஸ்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: செகண்ட் ஹேண்ட்ல வாங்கின ரெண்டு சீட் ஹோம்பில்ட் (கம்பெனி இல்லாம தனி ஆள் கட்டினது) விமானம், வால் சக்கரம் லீஃப் ஸ்பிரிங்ல, அதாவது பட்டாவுல நிக்குது. புல் தரையில ஒண்ணும் இல்ல, தார் ரன்வேல இறங்கி வேகம் குறையுறப்ப வால் கடகடன்னு ஆடி, காலால விமானத்தைத் திருப்புற ரடர் பெடல் வரைக்கும் உதறுது. கிங்பின், அதாவது சக்கரம் இடம் வலம் திரும்புற அச்சு, அதோட நட்டை டைட் பண்ணினதும் கொஞ்ச நாள் நின்னுது, இப்ப மறுபடி வந்திருச்சு, ஸ்டியரிங்கும் இறுகிப்போச்சு. பார்ட்ஸ் விக்கிறவர் வால் சக்கர அசெம்பிளியையே மாத்தச் சொல்றார், மாத்தலாமா?

இப்ப மாத்தாதீங்க. அந்த நட்டையும் பழைய நிலைக்குத் தளர்த்திடுங்க. டைட் பண்ணினா உராய்வு ஏறி உதறல் அமுங்கும், ஆனா காரணம் அப்படியேதான் இருக்கும், உள்ள இருக்குற வாஷர் சீக்கிரம் தேயும்.

லாரிக்கு அடியில பட்டா பார்த்திருப்பீங்க, அது பாரம் தாங்கித் தாங்கி உட்கார்ந்துடும்ல, உங்க வால் ஸ்பிரிங்கும் அப்படித்தான். அது உட்கார உட்கார கிங்பின்னோட தலை மூக்குப் பக்கமா சாயும். சக்கரம் தரையைத் தொடுற இடம் கிங்பின் கோட்டுக்கு நல்லாப் பின்னாடி இருந்தாத்தான் அது தானா நேராகும், தலை முன்னாடி சாஞ்சா அந்த இடைவெளி குறைஞ்சு உதறல் ஆரம்பிக்கும்.

சமதரையில நிறுத்தி, டேங்க் நிரப்பி, ரெண்டு பேரை உள்ள உட்கார வெச்சு, விமானத்தை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிட்டு பக்கவாட்டுல இருந்து பாருங்க. ஃபோன்ல கோணம் காட்டுற ஆப் போதும். கிங்பின் நேரா நிக்கணும், இல்ல தலை கொஞ்சம் வால் பக்கம் சாஞ்சிருக்கணும். காலி விமானத்துல அளந்துட்டு சரியா இருக்குன்னு சொல்றவங்கதான் அதிகம், அந்த அளவை நம்பாதீங்க. முன்னாடி சாஞ்சிருந்தா ஸ்பிரிங்கை மறுபடி வளைச்சு வாங்கணும், இல்ல புதுப் பட்டா போடணும், சின்ன வித்தியாசம்னா சரிவான ஷிம் (ஆப்பு மாதிரி மெல்லிய தகடு) ஒண்ணு வெச்சாலே போதும். அசெம்பிளி விலையோட பார்த்தா இதெல்லாம் சில்லறைச் செலவு.

இது வான்ஸ் கம்பெனி கிட்ல கட்டுற ஆர்வி மாதிரி விமானத்துக்குப் பொருந்தாது, இதைத் திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியிருக்கு. அதுல பட்டாவே கிடையாது, ஒரு ஸ்டீல் ராடு உடம்புல இருக்குற குழாய்க்குள்ள போய் போல்ட்ல நிக்குது, அதுல ஷிம் சொருக இடமே இல்ல. ராடு வளைஞ்சிருக்கா, போல்ட் ஓட்டை பெருசாகி ஆட்டம் இருக்கான்னுதான் பார்க்கணும். ஆர்வி வெச்சிருக்க நண்பர் ஷிம் வேணாம்னாருன்னு நீங்க விட்டுடாதீங்க, உங்களோடது பட்டா.

பழைய அசெம்பிளியை மண்ணெண்ணெயில கழுவி, பெயிண்ட் அடிச்சு ஓவர்ஹால் பண்ணினதுன்னு விக்கிற ஆளுங்க இருக்காங்க. உள்ள என்னென்ன மாத்தினீங்கன்னு எழுத்துல கேளுங்க, மழுப்பினா நகர்ந்துடுங்க. இன்னும் மோசம், விமானம் விக்கிறவரே கூட்டிட்டு வர்ற மெக்கானிக்கை வெச்சு ப்ரீ-பை, அதாவது வாங்குறதுக்கு முன்னாடி சோதனை, பார்க்குறது.

ரடரையும் வால் சக்கரத்தையும் இணைக்கிற ஸ்டியரிங் சங்கிலி ரெண்டு பக்கமும், ரடர் நடுவுல இருக்குறப்ப, தொங்கவும் கூடாது விறைச்சு நிக்கவும் கூடாது. சங்கிலியோட ஸ்பிரிங் கொக்கி வாய் திறந்திருந்தா அன்னைக்கே மாத்துங்க, ஓடுறப்ப கழண்டா விமானம் சுத்திக்கும். டயர் காத்தையும் பாருங்க.

12 மாசத்துக்கு ஒரு தடவை கண்டிஷன் இன்ஸ்பெக்‌ஷன், அமெரிக்க விமான விதி பார்ட் 43 அப்பெண்டிக்ஸ் டி லிஸ்ட் படி, எல்லாம் சரிதான், ஆனா லாக்புக்ல ஒரே வரி, "பாதுகாப்பா பறக்கும் நிலையில் உள்ளது", கையெழுத்து, முடிஞ்சது. பாரம் ஏத்தி கோணம் அளந்து எழுதின ஒரு லாக்புக்கையாவது காட்டுங்க பார்ப்போம்! அந்த விமானத்துக்கு இந்தக் கையெழுத்துப் போடுற ரிப்பேர்மேன் சர்டிபிகேட் கட்டினவருக்குக் கிடைக்கும், ரெண்டாவதா வாங்கின நீங்க பெரும்பாலும் ஏ அண்ட் பி (அமெரிக்க அரசு லைசென்ஸ் உள்ள) மெக்கானிக்கைத் தேடி அலையணும். ஆனா ரிப்பேர் வேலையை நீங்களே செய்யலாம், ஹோம்பில்ட்டுக்கு அதுல தடை இல்ல. பக்கத்து இஏஏ (ஹோம்பில்ட் ஆர்வலர் சங்கம்) சாப்டர்ல டெக்னிக்கல் கவுன்சிலர் இருப்பார், காசு வாங்காம வந்து பார்ப்பார், முதல் ஷிம் போடுறப்ப அவரைக் கூட வெச்சுக்கோங்க. ஷிம் தடிமனுக்கு ஏத்த மாதிரி போல்ட்டும் நீளமா வேணும், பழைய போல்ட்டையே இழுத்து முறுக்காதீங்க. முடிச்சதும் அதே பாரத்தோட மறுபடி அளந்து, தார்ல மெதுவா டாக்ஸி பண்ணிப் பார்த்துட்டு அப்புறம் பறங்க.