கணக்கை யார் தாக்கல் செய்தாலும் ஓடிபி உங்களிடமே இருக்கட்டும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏற்காடு நாகலூர் பக்கம் சிறிய காபித் தோட்டம் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாகச் சேலத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறேன். ஆதார், பான், பாஸ்புக், சிட்டா நகல்கள் அவர்களிடமே உள்ளன. எனக்கு மின்னஞ்சல் இல்லாததால் அவர்களுடையதையே பதிவு செய்தார்கள். ஓடிபி வந்தால் போனில் சொல்லிவிடுவேன். சென்ற வாரம் என் பான் எண்ணைக் குறிப்பிட்டு, 'உங்கள் ரீஃபண்ட் தயார்' என்று ஒரு குறுஞ்செய்தி இணைப்புடன் வந்தது. இணைப்பை நான் திறக்கவில்லை. என் விவரங்கள் வெளியே போய்விட்டனவா?

பதில்: திறக்காமல் விட்டது சரியான முடிவு. வருமான வரித்துறை ரீஃபண்டை இணைப்பு அனுப்பித் தருவதில்லை. இணையதளத்தில் நீங்கள் முன்பே உறுதிசெய்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் நேரடியாக வரவு வைக்கிறது. அதற்காக ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் எதையும் அது கேட்பதில்லை. பான் எண் அந்தச் செய்தியில் இருந்ததாலேயே கடைக்காரர் மீது பழி சொல்லிவிட முடியாது. கடன் விண்ணப்பம், நகை வாங்கியது என்று பல இடங்களில் நாம் பான் நகலைக் கொடுத்திருப்போம். ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தக் குறுஞ்செய்தியை விட என்னைக் கவலைப்பட வைப்பவை வேறு இரண்டு.

முதலாவது, அந்த மின்னஞ்சல். துறை அனுப்பும் அறிவிப்புகள் எல்லாம் இணையதளத்தில் பதிவான முகவரிக்கே போகும். அவற்றோடு வரும் பிடிஎஃப் கோப்புகளுக்குக் கடவுச்சொல் உண்டு என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, சொத்து வாங்கியது வரை தொகுத்துக் காட்டும் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கைக்குச் சிறிய எழுத்தில் பான் எண்ணும், அதைத் தொடர்ந்து பிறந்த தேதியுமே கடவுச்சொல். இரண்டும் உங்கள் பான் அட்டை நகலிலேயே அச்சாகியிருக்கின்றன. ஆகவே அந்த நகலை வைத்திருப்பவரிடம் கோப்பும் கிடைத்துவிட்டால், பூட்டு இருந்தும் பயனில்லை.

உங்கள் ஆதாருடன் இணைந்த அலைபேசி உங்களிடம் இருக்கிறது, அதுவே போதும். ஆதார் ஓடிபி மூலம் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் தளத்தில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். சுயவிவரப் பகுதியில் உங்கள் எண்ணையும், உங்களுக்கென்று தொடங்கிய மின்னஞ்சலையும் பதியுங்கள்; அது இயலாவிட்டால் மகன் அல்லது மகளின் முகவரியாவது இருக்கட்டும். ரீஃபண்டுக்குக் குறிக்கப்பட்ட வங்கிக் கணக்கு உங்களுடையதுதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, போனில் சொல்லும் ஓடிபி. கணக்கைச் சரிபார்க்க வரும் ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. நீங்கள் செலுத்தாத காப்பீட்டுத் தொகையையோ கொடுக்காத நன்கொடையையோ காட்டி, கணக்கை எழுதியவர் ரீஃபண்டைக் கூட்டியிருந்தால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். தவறான தகவல் தந்ததாக முடிவானால் அபராதம் வரித்தொகையில் 200 சதவீதம். ஆகவே மூன்று ஆண்டுக் கணக்குகளையும் பதிவிறக்கி, அவற்றில் காட்டப்பட்ட வரிக் கழிவுகளை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பது எனக்குத் தெரியும்; அதற்காகப் போனையே யாரிடமாவது கொடுத்துச் சேலத்துக்கு அனுப்பும் வழக்கம் மட்டும் வேண்டாம். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்த்தால் போதும். நெட் பேங்கிங் வழியாகவும் செய்யலாம். அல்லது ஒப்புகைப் படிவத்தில் கையெழுத்திட்டுப் பெங்களூரில் உள்ள வருமான வரித்துறை மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம்.

நகல்களைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வருமான வரிக் கணக்குடன் எந்த ஆவணத்தையும் இணைக்க வேண்டியதில்லை. ஆதாரில் எண் போதும், பாஸ்புக்கில் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் போதும். விவசாய வருமானம் ஆண்டுக்கு 5 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் மாவட்டம், அஞ்சல் குறியீடு, ஏக்கர் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்ற விவரங்களைப் படிவம் கேட்கும். அப்போதும் சிட்டா நகல் இணைப்பதற்கு இடமில்லை. காட்டிவிட்டு, கையோடு எடுத்துவர வேண்டிய காகிதங்கள் இவை.

அடுத்தவர் உதவியை நாடுவதில் தவறே இல்லை. படிவம் சிக்கலானது, நானும் அதை ஒத்துக்கொள்கிறேன். பக்கத்தில் அமர்ந்து செய்யச் சொல்லுங்கள். பிரவுசர் கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் மறுத்து, முடிந்ததும் வெளியேறி, பதிவிறக்கிய கோப்புகளை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யச் சொல்லுங்கள்.

இனித் துறையின் பெயரில் கடிதமோ நோட்டீஸோ வந்தால் அதில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் அது கட்டாயம். உள்ளே நுழையாமலே தளத்தின் முகப்பில் அதன் உண்மையைச் சரிபார்க்கலாம். தவறிப்போய் ஓர் இணைப்பில் விவரம் கொடுத்துவிட்டால், வங்கிக்குச் சொல்லிவிட்டு அந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

கடையில் இருக்கும் பழைய நகல்களை அடுத்த முறை மலையிறங்கும்போது நேரில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கணினியில் ஸ்கேன் செய்து வைத்திருந்தால் அவற்றையும் உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.