கூடைக்கு எறியும் முன்: டிஸ்க் கோல்ஃப் கேள்வி பதில்

பூங்காவில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைகளைப் பார்த்து ஆசைப்பட்டு, டிஸ்க் எனப்படும் பிளாஸ்டிக் தட்டைக் கையிலெடுத்தவர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. ஆட்டம் எளிது. எறிமேடையிலிருந்து தட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மறுபடி எறிய வேண்டும். குறைந்த எறிகளில் கூடைக்குள் போட்டவர் வெற்றி பெறுவார்.

கேள்வி: எங்கள் பூங்காவில் ஒன்பது கூடைகள். ஒவ்வொன்றும் 40 முதல் 70 மீட்டர் தூரம். எத்தனை தட்டுகள் வாங்க வேண்டும்? “12” என்று எண் போட்ட தட்டுதான் அதிக தூரம் போகும் என்கிறார்களே?

பதில்: ஒன்று போதும், அதுவும் பட்டர் வகைத் தட்டு. கூடைக்கு அருகிலிருந்து போடத்தான் பட்டர் என்று பலர் நினைக்கிறார்கள். 70 மீட்டர் வரையுள்ள மைதானத்தில் எறிமேடையிலிருந்தும் அதையே எறியலாம், எறிய வேண்டும்.

பெரும்பாலான தட்டுகளில் நான்கு எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எண் வேகம். இரண்டாவது, காற்றில் எவ்வளவு மிதக்கும் என்பது. மூன்றாவது, வேகமாகப் போகும்போது எவ்வளவு புரளும் என்பது. நான்காவது, வேகம் குறைந்த பின் எவ்வளவு வளைந்து இறங்கும் என்பது. இதில் வேக எண்ணைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் பணம் வீணாகிறது. 12 என்றால் “அந்தத் தட்டு அவ்வளவு வேகமாகப் போகும்” என்று பொருள் இல்லை. “அவ்வளவு வேகத்தில் எறிந்தால்தான் அது ஒழுங்காகப் பறக்கும்” என்று பொருள். புதியவரின் கையில் அந்த வேகம் வராது. வலது கைக்காரர் எறிந்தால் தட்டு கிளம்பியவுடனே இடப்பக்கம் சாய்ந்து புல்லில் குத்தும். வேகம் 2 அல்லது 3, புரளும் எண் 0 அல்லது −1, இறங்கும் எண் 0 அல்லது 1 உள்ளதைத் தேடுங்கள். எடை 165 முதல் 175 கிராமுக்குள் இருக்கட்டும். இரண்டாவது தட்டு வேண்டுமென்றால் வேகம் 4 அல்லது 5 உள்ள மிட்ரேஞ்ச், அதாவது நடுத்தர தூரத்துக்கான தட்டு வாங்குங்கள். நெடுந்தூரத்துக்கான டிரைவர் வகைத் தட்டு இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: வலது கைக்காரன் நான். தட்டை இடப்பக்கம் இழுத்து எறிகிறேன். கிளம்பும்போது நேராகப் போகிறது, பாதி வழியில் மேலெழும்பி நின்று, இடப்பக்கம் வழுக்கி விழுகிறது. கை பலம் போதவில்லையா?

பதில்: பலம் போதும். தட்டின் முன்விளிம்பு தூக்கியிருக்கிறது, அதுதான் காரணம். முன்விளிம்பு உயர்ந்தால் காற்று அடிப்புறத்தில் மோதும். தட்டு மேலேறும், வேகம் செத்துப்போகும், பிறகு இடப்பக்கம் சரியும். பலத்தைக் கூட்டினால் இன்னும் உயரத்துக்குப் போய் இன்னும் மோசமாக விழும்.

பிடியிலிருந்து தொடங்குங்கள். கட்டைவிரல் தட்டின் மேல், விளிம்பிலிருந்து சற்று உள்ளே தட்டையாகப் படுத்திருக்க வேண்டும். ஆள்காட்டி விரல் விளிம்பின் உட்புறச் சுவரில் ஒட்டட்டும், மற்ற விரல்கள் அடியில் தாங்கட்டும். இனி மணிக்கட்டு. கைப்பிடியுள்ள பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போது மணிக்கட்டு கீழ்நோக்கி மடிகிறதல்லவா, எறியும் நேரம் முழுக்க அது அப்படியே இருக்க வேண்டும். கட்டைவிரல் மேலிருந்து அழுத்தாமல் விட்டாலும் முன்விளிம்பு எழும்பிவிடும். தட்டை மார்பை ஒட்டி ஒரே நேர்கோட்டில் இழுத்து வாருங்கள். முழங்கை முன்னே போக, கை பின்னால் வர, கடைசியில் மணிக்கட்டு தானாக விரியட்டும். வட்டமாக உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்தால் விடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும்.

உங்கள் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் ஒருவரைப் படமெடுக்கச் சொல்லி, தட்டு கையை விட்டு வரும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். முன்விளிம்பு பின்விளிம்பைவிட உயர்ந்திருந்தால் படத்திலேயே தெரிந்துவிடும். ஓடிவந்து எறிவதை இப்போது விட்டுவிடுங்கள். நின்ற இடத்திலிருந்து, பாதி பலத்தில், தலை உயரத்துக்கு மேல் போகாமல் இருபது முறை எறியுங்கள். தட்டு தள்ளாடினால் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள். கடைசியில் லேசாக இடப்பக்கம் வளைவது மட்டும் குறையல்ல, அது தட்டின் இயல்பு. கூடைக்குச் சற்று வலப்பக்கம் குறிவைத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: மூன்றாவது கூடைக்குப் போகும் வழியில் நடைபாதை குறுக்கிடுகிறது. எப்போதும் யாராவது நடந்துகொண்டே இருக்கிறார்கள். சத்தம் போட்டு விலகச் சொல்லலாமா?

பதில்: கூடாது. நடப்பவர்களுக்கு அங்கே ஓர் ஆட்டம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர்களை விலகச் செய்வது உங்கள் உரிமையல்ல, காத்திருப்பது உங்கள் வேலை. 170 கிராம் கெட்டி பிளாஸ்டிக், அதுவும் கூரான விளிம்புடன், முகத்தில் பட்டால் காயம் சிறிதாக இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது.

“கூடை இருக்கும் திசையில் ஆளில்லை” என்று பார்த்தால் போதாது. வலது கைக்காரர் கொஞ்சம் தாமதமாக விட்டால் தட்டு வலப்பக்கம் பறக்கும். சீக்கிரம் விட்டால் இடப்பக்கம். ஆகவே உங்கள் அதிகபட்ச தூரத்துக்குள், முன்பக்கம் முழுவதும், இரு ஓரங்களும் சேர்த்து, ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடைக்குப் பின்னால் பெஞ்சு இருந்தால் அதுவும் கணக்கில் சேரும். குழந்தைகளும் நாய்களும் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது, அவர்கள் முழுவதும் கடந்து போகட்டும். மரமோ வளைவோ மறைத்தால் உங்கள் குழுவில் ஒருவர் முன்னால் போய் ஓரமாக நிற்கட்டும். அவர் கை உயர்த்திய பிறகுதான் எறிய வேண்டும்.

நெரிசல் குறையவே இல்லையென்றால் பாதைக்கு இப்பாலேயே விழும்படி மெதுவாக எறியுங்கள். நடந்து போய்த் தட்டு விழுந்த இடத்தில் நின்று, ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டாவது எறியை எறியலாம். ஓர் எறி கூடுதலாகும், அவ்வளவுதான். கை தவறித் தட்டு ஆளை நோக்கிப் போனால் மட்டும் உரக்கக் கத்துங்கள். இந்த ஆட்டக்காரர்கள் “ஃபோர்” என்பார்கள். நடந்து போகிறவருக்கு அது புரியாது. “தலை, தலை!” என்று கத்தினால் குனிவார்.

கேள்வி: தட்டு மரத்தில் மாட்டிக்கொண்டால்? கூடையின் மேல்மூடியில் போய் உட்கார்ந்தால் கணக்கில் வருமா?

பதில்: மேல்மூடியில் தங்கினால் உள்ளே போனதாகாது. இறக்கி இன்னோர் எறி எறிய வேண்டும். மரத்தில் சிக்கினால் அதற்கு நேர் கீழே தரையில் அடையாளம் வைத்து அங்கிருந்து தொடரலாம். எட்டாத தட்டுக்காகக் கிளையை ஒடிக்காதீர்கள். கல்லெறிவதும் வேண்டாம், கீழே நடப்பவர் தலையில் விழும். காணாமல் போன தட்டைத் தேட விதிப்படி மூன்று நிமிடம் உண்டு.

கேள்வி: ஐந்து மீட்டரிலிருந்து போட்டாலும் சங்கிலியில் பட்டு வெளியே வந்துவிடுகிறது. கூடை சரியில்லையோ?

பதில்: கூடையைக் குறை சொல்வதற்கு முன் தட்டு எந்தப் பக்கம் படுகிறது என்று கவனியுங்கள். வலது கைக்காரர் இடப்பக்கம் இழுத்து எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும். நடுக்கம்பத்துக்கு இடப்பக்கம் போனால் அதன் வலது விளிம்பு கம்பத்தில் உரசும். அந்தச் சுழற்சியே தட்டை முன்னுக்குத் தள்ளிப் பின்பக்கம் வெளியேற்றிவிடும். வலப்பக்கம் போனால் இதே சுழற்சி தட்டைத் தடுத்து நிறுத்தும். எனவே கம்பத்துக்குச் சற்று வலதே உள்ள ஒரே ஒரு சங்கிலியைத் தேர்ந்து, அதன் ஒரு கண்ணியை மட்டும் பார்த்து எறியுங்கள். மொத்தக் கூடையைப் பார்த்து எறிகிறவருக்குக் குறியே இல்லை.

மூன்று மீட்டரில் தொடங்குங்கள். பத்துக்கு எட்டு விழுந்த பிறகு ஓரடி பின்னால் போங்கள். இன்னொன்று, கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் எறியும்போது, எறிந்த பின் நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னே நகர வேண்டும். தடுமாறி முன்னே விழுந்தால் விதிமீறல்.

கேள்வி: இந்தக் கூடையை யார் கண்டுபிடித்தார்கள்?

பதில்: அமெரிக்காவின் எட் ஹெட்ரிக். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் நிரந்தர மைதானம் அமைத்தவர் அவர்தான். அப்போது இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். தட்டு பட்டதா இல்லையா என்ற வாக்குவாதத்துக்கு இடமில்லாமல் செய்தது பிறகு வந்த சங்கிலிக் கூடை.

கேள்வி: ஆறு வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

பதில்: தாராளமாக. 150 கிராமுக்குக் குறைந்த, மென்மையான பட்டர் வாங்கிக் கொடுங்கள். எறிமேடையை மறந்துவிட்டு, கூடையிலிருந்து 15 மீட்டரில் அவளுக்கென்று தனித் தொடக்கம் வையுங்கள். மற்றவர் எறியும்போது அவள் எறிபவரின் பின்னால் நிற்க வேண்டும், பக்கத்தில் அல்ல. பின்னால் வரும் குழு வேகமாக ஆடினால் ஓரமாக நின்று முதலில் அவர்களைப் போகவிடுங்கள். ஒன்பது கூடைகளையும் முடித்தே ஆக வேண்டுமென்றில்லை. நான்காவது கூடையில் அவளுக்குச் சலித்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.