தொங்கு பாலத்து வடம் இன்னும் எவ்வளவு தாங்கும்? கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி: எங்கள் கயிறு மில்லில் கயிற்றை இழுத்து அறுத்துப் பார்த்துத்தான் பலம் சொல்வோம். பாலத்து வடத்தை எப்படி அறுப்பது அண்ணா?

வடத்தை அறுக்க முடியாது தம்பி, அதற்குள் இருக்கும் கம்பிகளை அறுக்கலாம். 1964ல் திறந்த ஸ்காட்லாந்தின் போர்த் ரோடு பாலத்தில் ஒரு வடத்துக்குள் 11,618 கம்பிகள், ஒவ்வொன்றும் சுமார் 5 மில்லிமீட்டர். மேலே சுற்றியிருப்பதை அவிழ்த்து, சுற்றிலும் பல இடங்களில் ஆப்பு அடித்து நடு வரை பிளந்து பார்ப்பார்கள். துத்தநாகப் பூச்சில் அங்கங்கே வெள்ளை பூத்தால் முதல் நிலை, முழுக்க வெளுத்தால் இரண்டாவது, செந்துரு தெரிந்தால் மூன்றாவது, மேற்பரப்பில் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நான்காவது. நிலைக்குச் சில கம்பிகளை வெட்டி எடுத்து இழுத்துப் பார்ப்பார்கள்.

அந்தியூர் நண்பர்: அப்போ ஒவ்வொரு கம்பியின் பலத்தையும் கூட்டினால் கணக்கு முடிந்ததா?

அங்கேதான் தப்பு நடக்கும். நல்ல கம்பி அறுவதற்கு முன் நன்றாக நீளும். விரிசல் விட்ட கம்பி நீளாது, படக்கென்று போய்விடும். எல்லாம் ஒரே வடத்தில் சேர்ந்து நீள்வதால் விரிசல் கம்பிகள் முதலில் போகும், அவற்றின் பாரம் மற்றவற்றின் தலையில் விழும். அதனால் ஒவ்வொரு நீட்சியிலும் எத்தனை கம்பி உயிரோடு இருக்கும், அவை எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, அதில் வரும் உச்சத்தைத்தான் வடத்தின் பலமாக எடுக்க வேண்டும். அந்த விரிசலும் லேசில் கண்ணில் படாது. சுருளாக வந்த கம்பியின் உள்வளைவில், துருவுக்கு அடியில் இருக்கும்.

இன்னொன்று. தேங்காய் நாரில் ஒன்று அறுந்தால், முறுக்குப் பிடிமானத்தில் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பாரத்தை வாங்கிக்கொள்ளும். பாலத்து வடத்தில் கம்பிகள் முறுக்காமல் நேராகக் கிடக்கின்றன. அங்கே பிடிப்பவை வடத்தைச் சுற்றி அங்கங்கே இறுக்கிய இரும்புப் பட்டைகள், அதாவது கிளாம்புகள். அறுந்த கம்பி தன் பாரத்தை மறுபடி வாங்க ஒரு கிளாம்பு போதாது, சிலவற்றைத் தாண்டித்தான் முழுப் பங்கும் திரும்பும். ஆகவே பக்கத்துப் பகுதிகளில் அறுந்ததையும் கணக்கில் சேர்க்காமல் விடக்கூடாது.

கோபியிலிருந்து ஒரு அக்கா: குஜராத்தில் மோர்பி பாலத்தைப் புதுப்பித்துத்தானே திறந்தார்கள்?

ஆமாங்க அக்கா, திறந்த நாலாவது நாள், 2022 அக்டோபர் 30 அன்று அறுந்தது. 130 பேருக்கு மேல் போனார்கள். நடைதளம் புதிது, வடம் பழையது. 49 கம்பிகளில் 22 ஏற்கெனவே துருப்பிடித்திருந்தன என்று விசாரணையில் தெரிந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வடத்தைத் திறந்து பார்த்திருந்தால் அந்தத் துரு கண்ணில் பட்டிருக்கும்.

மேட்டுப்பாளையம் ஐயா: துருவை நிறுத்த முடியுமா?

நிறுத்தலாங்க ஐயா. வடத்தைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே உலர்ந்த காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை 40 சதவீதம் அளவுக்கு இறக்கி வைப்பார்கள். 1998ல் திறந்த ஜப்பானின் அகாஷி கைக்கியோ பாலத்தில் தொடக்கத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. ஆனால் போன பலம் திரும்ப வராது. போர்த் பாலத்து வடத்தை 2004ல் திறந்தபோது 8 முதல் 10 சதவீதம் பலம் குறைந்திருந்தது. அப்புறம் அங்கே மைக் பொருத்தி, எந்த இடத்தில் கம்பி அறுகிறது என்று இரவு பகலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.