ஜென்கின்ஸில் பயன்படாத பிளகின்களை நீக்குவது எப்படி?

கேள்வி: நாகர்கோவிலில் விசைப்படகு உரிமையாளர்களுக்கான கணக்கு மென்பொருளைத் தயாரிக்கிறோம். நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் எங்கள் ஜென்கின்ஸ் சர்வரில் 140 பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) உள்ளன. பலவற்றை யார், எதற்காக நிறுவினார்கள் என்றே தெரியவில்லை. கடந்த இரண்டு மாதங்களில் பயன்படாதவற்றை நீக்கிவிடலாமா?

பதில்: இரண்டு மாதக் கணக்கு உங்கள் தொழிலுக்குச் சற்றும் பொருந்தாது. மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்கரையிலுள்ள குளச்சல் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் இருப்பதால், தடை முடிந்து படகுகள் கடலில் இறங்கும்போது மட்டும் ஓடும் ஜாப் (ஜென்கின்ஸ் தானாகச் செய்யும் பணி) ஏதேனும் உங்களிடம் இருந்தால், அதற்குரிய பிளகின் தடைக்காலத்தில் பார்ப்பவருக்குச் செத்ததாகவே தோன்றும். ஆகவே ஓராண்டு ஓட்டத்தையாவது கணக்கில் எடுங்கள்.

முதலில் 'பிளகின் யூசேஜ்' என்ற பிளகினை நிறுவினால், எதை எந்த ஜாப் பயன்படுத்துகிறது என்ற பட்டியல் கிடைக்கும். (பிளகினைக் குறைக்க இன்னொரு பிளகினா என்று சிரிக்க வேண்டாம், வேலை முடிந்ததும் இதையும் எடுத்துவிடலாம்.) ஆனால் அதில் பூஜ்யம் என்று வருவதெல்லாம் வேண்டாதவை அல்ல. லாகின், கடவுச்சொல் சேமிப்பு, ஏஜென்ட் (ஜாப்களை ஓட்டும் துணைக் கணினி) இணைப்பு போன்றவற்றுக்கான பிளகின்கள் எந்த ஜாபிலும் தென்படாமலேயே சர்வரைத் தாங்கி நிற்கும். ஒவ்வொரு ஜாபின் கான்ஃபிக் எக்ஸ்எம்எல் என்ற அமைப்புக் கோப்பிலும் பிளகினின் பெயரும் பதிப்பு எண்ணும் பதிவாகியிருப்பதால், அக்கோப்புகளை கிரெப் கட்டளையால் தேடிச் சரிபார்க்கலாம். படிகளை நிரலாக எழுதி வைக்கும் பைப்லைன் ஜாப்களுக்கு அது போதாது. அவற்றின் படிகள் கிட் நிரல் களஞ்சியத்திலுள்ள ஜென்கின்ஸ்ஃபைலிலும், பல ஜாப்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பகிர்வு நூலகங்களிலும் இருப்பதால், அங்கேயும் தேட வேண்டும்.

சந்தேகப் பட்டியல் தயாரானதும், ஜென்கின்ஸ் ஹோம் கோப்பகம் (அமைப்புகளும் ஜாப்களும் சேமிக்கப்படும் இடம்) முழுவதையும் பேக்கப் எடுத்துவிட்டு, உடனே நீக்காமல் அவற்றை முடக்கி மட்டும் வைத்து, ஓடும் பில்டுகள் (ஜாப் ஓட்டங்கள்) முடியும்வரை காத்திருக்கும் 'சேஃப் ரீஸ்டார்ட்' மூலம் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பலரும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். முடக்கிய பிளகினுக்குரிய அமைப்புகள் கோப்பில் அப்படியே இருந்தாலும் ஜென்கின்ஸால் அவற்றைப் படிக்க முடியாது; 'மேனேஜ் ஓல்ட் டேட்டா' பக்கத்தில் எந்த ஜாபில் எது படிக்கப்படவில்லை என்று காட்டும். அந்தப் பிளகின் பயன்பாட்டில் இருப்பதற்கு நீங்கள் தேடிய தடயமே அதுதான். அங்குள்ள 'டிஸ்கார்ட்' பொத்தானை அழுத்தினாலோ, யாரேனும் அந்த ஜாபைத் திறந்து சேமித்தாலோ, பழைய அமைப்புகள் அழிந்துவிடும். பிளகினை மீண்டும் இயக்கினாலும் அவை திரும்பி வாரா. ஆகையால் சோதனைக் காலத்தில் எவரும் ஜாப் அமைப்பில் கை வைக்கக் கூடாது.

சிக்கல் எழாவிட்டால் நீக்குங்கள். வேறொரு பிளகின் சார்ந்திருப்பதை நீக்க ஜென்கின்ஸ் விடாது என்பதால், சார்ந்திருக்கும் பிளகினை முதலிலும், அது சார்ந்திருப்பதைப் பிறகும் நீக்க வேண்டும். நீக்கிய பிளகின் சார்ந்திருந்த பிளகின்கள் தாமாகப் போய்விடுவதில்லை. சர்வரை டாக்கர் இமேஜிலிருந்து (தேவையான மென்பொருள் அனைத்தும் அடங்கிய தயார்நிலைத் தொகுப்பு) உருவாக்குபவராயின், அதன் பிளகின் பட்டியல் கோப்பிலும் அந்த வரிகளை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த இமேஜில் நீக்கிய அத்தனையும் மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கும்.