நாஷ்வில் தீர்ப்பும் நம் வார்டு டிரேயும்: கேள்வி பதில்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மயக்க ஊசிக்குப் பதிலாகத் தசைகளை முடக்கும் மருந்தைப் போட்டதால் 75 வயது நோயாளி ஒருவர் இறந்தார். ஊசி போட்ட நர்ஸ் ரடோண்டா வாட்டுக்கு 2022 மே 13 அன்று ஜெயில் இல்லாமல், 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும் விதிக்கப்பட்டது. நீதிமன்ற வாசலில் திரண்டிருந்த நர்ஸ்கள் கைதட்டினார்கள். ஓர் உயிருக்கு இவ்வளவுதானா என்று கொதித்தவர்களும் உண்டு. அந்தச் சண்டை ராயபுரம், வண்ணாரப்பேட்டை டியூட்டி ரூம்களிலும் ஓயவில்லை. மருந்துப் பாதுகாப்புப் பயிற்சி தரும் மூத்த நர்ஸ் ஒருவரிடம் வடசென்னைக்காரர்கள் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும் இங்கே.

ராயபுரம், நர்சிங் இறுதியாண்டு மாணவி: அக்கா, மருந்து மாறிப்போனா கொலைக் கேஸா? எனக்கு இப்பவே கை நடுங்குது.

கொலைக் கேஸ் இல்லம்மா. அலட்சியத்தால் மரணம், இயலாத நிலையில் இருந்தவரைக் கவனிக்காமல் விட்டது என்ற இரண்டில்தான் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. அதைவிடக் கடுமையான பிரிவிலிருந்து விடுவித்துவிட்டது.

நடந்ததை வரிசையாகப் பார். 2017 டிசம்பர் 26. பெட் (PET) ஸ்கேன் மெஷினுக்குள் போக அந்த அம்மாவுக்குப் பயம். டாக்டர் எழுதியது வெர்செட் என்ற மயக்க மருந்து, மூலப்பெயரில் நம் மிடசோலம். அங்கே மருந்து அலமாரி கம்ப்யூட்டரில் ஓடும். பெயரின் முதல் எழுத்துகளைத் தட்டி எடுக்க வேண்டும். ரடோண்டா இரண்டே எழுத்து தட்டினார். மருந்து மூலப்பெயரில் பதிவாகியிருந்ததால் வெர்செட் வரவில்லை. கட்டுப்பாட்டை மீறி எடுக்கும் வசதியைப் போட்டு மறுபடி அதே இரண்டு எழுத்து. வந்தது தசைகளை முடக்கும் வெக்யூரோனியம். எடுத்துவிட்டார்.

இதுவரை நடந்ததில் மெஷினுக்கும் பங்கு உண்டு. இனிமேல்தான் கவனி. மிடசோலம் தண்ணீர் மாதிரிக் கரைசலாகவே வரும், வெக்யூரோனியம் பொடி. கரைத்தால்தான் இழுக்கவே முடியும். கரைக்கும்போதே 'இது ஏன் பொடியா இருக்கு?' என்று நின்றிருக்க வேண்டும். குப்பியின் மூடியிலேயே முடக்கும் மருந்து என்ற எச்சரிக்கை இருந்தது. ஊசி போட்டபின் மானிட்டர் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. வெக்யூரோனியம் நினைவை எடுக்காது, மூச்சை மட்டும் நிறுத்தும். அந்த நிமிடமே அம்பு பேக், அதாவது கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை, பிடித்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தது.

உன் கை நடுங்கட்டும், பரவாயில்லை. டிரேயிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்கும்போது, குப்பியைக் கீழே போடும்போது என்று மூன்று முறை லேபிளைப் படி. பெயர் ஒட்டாத சிரிஞ்சைக் கையிலிருந்து இறக்காதே. மிடசோலம் போட்டால் விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டாமல் நகராதே.

எர்ணாவூர் வாசகர்: ஜெயில் இல்லன்னா பணம் விளையாடியிருக்குன்னுதானே அர்த்தம்?

தண்டனையில் இல்லை. முன்குற்றம் கிடையாது, தவறை அன்றைக்கே ஒப்புக்கொண்டார், லைசென்ஸ் 2021இலேயே போய்விட்டது. அம்மா இருந்திருந்தால் ஜெயிலை விரும்பியிருக்க மாட்டார் என்று இறந்தவரின் மகனே சொன்னார்.

மூடி மறைத்தது ஆஸ்பத்திரி. மருந்து மாறியதை மரண விசாரணை அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. குடும்பத்தோடு கோர்ட்டுக்கு வெளியிலேயே சமரசம். 2018இல் யாரோ பெயர் போடாமல் புகார் அனுப்பியபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி மீது கிரிமினல் வழக்கு எதுவும் போடவில்லை. கோபத்தைச் செலவழிக்க இடம் தேடுபவர்கள் அங்கே செலவழிக்கலாம்.

திருவொற்றியூர் வாசகி: இங்கிலாந்தில் குழந்தைகளைக் கொன்ற நர்ஸையும் இப்படித்தான் விட்டார்களா?

லூசி லெட்பிக்கு 2023 ஆகஸ்டில் சாகும்வரை சிறை. அது 7 குழந்தைகளை வேண்டுமென்றே கொன்றதாக வந்த தீர்ப்பு. அந்த மருத்துவச் சான்றுகளையே இப்போது சில நிபுணர்கள் கேள்வி கேட்கிறார்கள். தவறையும் கொலையையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அடுத்து.

காசிமேடு, ஆட்டோ ஓட்டுநர்: நாங்க தெரியாம ஒருத்தர இடிச்சா உள்ள தூக்கிப் போடுறாங்க. ஊசியில ஆள் போனா மட்டும் கைதட்டலா? என்னா நியாயம் சிஸ்டர் இது?

நல்ல கேள்வி அண்ணே. உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே பிரிவுதான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 106(1). அலட்சியத்தால் மரணம் என்றால் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். ஜாமீன் கிடைக்கும் பிரிவு. இடித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு என்கிறது 106(2); லாரிக்காரர்கள் 2024 ஜனவரியில் போராடியது அதற்காகத்தான். அதை மட்டும் அமலுக்குக் கொண்டுவராமல் மற்றவற்றைக் கொண்டுவந்தார்கள்.

அதே 106(1)இல் பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சை செய்யும்போது என்றால் 2 ஆண்டு வரைதான். மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவரையே அங்கே மருத்துவர் என்கிறார்கள். நர்ஸ் பெயர் அதில் கிடையாது.

மூலக்கொத்தளம், தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ்: அப்போ டாக்டர் வாயால சொன்ன ஆர்டரை நான் போட்டு ஆள் போனா அவருக்கு 2, எனக்கு 5-ஆ?!

சட்டத்தின் எழுத்துப்படி ஆமாம்.

பெரம்பூர், மருத்துவர்: மேடம், இதைச் சலுகை என்று சொல்லிக் கிளப்பிவிடாதீர்கள். 304ஏவில் எல்லாருக்கும் இருந்தது அதே 2 ஆண்டுதான்.

சரிதான் டாக்டர். எல்லாருக்கும் 5 ஆக ஏற்றியபோது உங்களுக்கு மட்டும் ஏற்றவில்லை. அதைச் சலுகை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் டாக்டர்களை மனதில் வைத்துத்தான்: சாதாரணப் பிசகு கிரிமினல் குற்றமாகாது, மிகையான அலட்சியமாக இருக்க வேண்டும், வேறொரு தகுதியான டாக்டரின் கருத்தைக் கேட்ட பிறகே போலீஸ் மேலே போக வேண்டும், வழக்கம்போலக் கைது செய்யக் கூடாது. நியாயமான தீர்ப்பு. ஊசி போடுகிறவளுக்கும் அதே அளவுகோல் வேண்டும் என்பதுதான் என் கட்சி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் 2024இல் போட்ட சட்டம் நர்ஸையும் சேர்த்தே பாதுகாக்கிறது. மிகையான அலட்சியத்துக்கு அங்கேயும் பாதுகாப்பு இல்லை.

மீண்டும் மூலக்கொத்தளம்: அதுவரைக்கும் என்ன பண்றது?

வாய்மொழி ஆர்டரா, மருந்து, அளவு, செலுத்தும் வழி மூன்றையும் திருப்பிச் சொல்லி 'ஆமாம்' வாங்கு. கேஸ் ஷீட்டில் நேரம் போட்டு எழுது. அந்த ஷிப்ட் முடியும் முன் டாக்டர் கையெழுத்து வாங்கு. போனில் சொன்னால் இன்னொரு நர்ஸையும் கேட்க வை. அப்புறம், பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலை டிரேயிலிருந்து எடுத்துவிடு.

வியாசர்பாடி வாசகர்: எங்க ஏரியா கால்பந்து பொண்ணுக்கு நடந்ததுக்கு யாரு பதில் சொல்றது?

கால்பந்து வீராங்கனை பிரியா, 2022 நவம்பர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு போட்ட அழுத்தக் கட்டு மிக இறுக்கமாக இருந்ததாகச் சுகாதார அமைச்சரே சொன்னார். காலை எடுத்தும் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டுப் போட்ட காலை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

கட்டுக்குக் கீழே விரலின் நிறம், சூடு, உணர்ச்சி, அசைவு. நகத்தை அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். முதலில் வருவது வலி: மருந்துக்கு அடங்காது, விரலை லேசாக நீட்டினாலே கத்துவார்கள். அப்போது வலி ஊசியை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. டாக்டரைக் கூப்பிட்டு, கட்டைத் தோல்வரை பிரிக்க வைக்க வேண்டும். ரத்த ஓட்டம் நின்ற தசை 6 மணி நேரம் போல்தான் தாங்கும். துடிப்பு தெரிகிறதே என்று நிம்மதியடையாதீர்கள், அது கடைசியில்தான் போகும்.

கொருக்குப்பேட்டை, நர்ஸ்: நம்ம ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் அலமாரியே இல்ல. அந்தத் தப்பு இங்க எப்படி நடக்கும்?

ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள். அட்ராகுரியம், ஸ்கோலின் இரண்டும் முடக்கும் மருந்துகள், குளிரில் இருக்க வேண்டியவை. அதே தட்டில் இன்சுலின், டிடி ஊசி, தடுப்பூசி இருந்தால் நாஷ்வில் உங்கள் வார்டிலேயே இருக்கிறது. 2014இல் சிரியாவின் இத்லிப் பகுதியில் தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைக்கும் நீர் என்று அட்ராகுரியத்தை எடுத்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தன. முடக்கும் மருந்துகள் ஆபரேஷன் தியேட்டர், ஐசியூ, கேசுவால்டி தவிர எங்கும் வேண்டாம். அங்கேயும் மூடியுள்ள தனிப் பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர்.

பொட்டாசியத்தை மறுபடி சொல்கிறேன். 15 சதவீத 10 மி.லி ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது. பார்வைக்கு டிஸ்டில்டு வாட்டர். கரைக்காமல் நேராக நரம்பில் போனால் இதயம் நின்றுவிடும்.

தண்டையார்பேட்டை வாசகர்: நம்ம ஊர்ல இதுக்கு எத்தனை வருஷம்?

மேலே ஆட்டோ அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கொடுங்கையூர் வாசகி: நஷ்டஈடு எங்கே கேட்பது?

காசு கொடுத்த சிகிச்சை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரி அதில் வராது. முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். மற்றதை வக்கீலிடம் கேளுங்கள்.

மணலி வாசகர்: அப்பாவுக்கு வீட்டில் நான்தான் இன்சுலின் போடுகிறேன். நானும் கேஸில் மாட்டுவேனா?

கேஸை விடுங்கள், சிரிஞ்சைப் பாருங்கள். குப்பியில் 40 (மி.லி-க்கு 40 யூனிட்) என்றால் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 என்றால் ஆரஞ்சு மூடி. 100 குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட், சர்க்கரை தரைமட்டமாகும். 40 குப்பியை ஆரஞ்சில் இழுத்தால் 20க்கு 8தான் போகும். மெடிக்கலில் பிராண்டு மாற்றிக் கொடுத்தால் எண்ணை அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.

புது வண்ணாரப்பேட்டை, நர்ஸ்: தப்பு நடந்துடுச்சுன்னா முதல்ல என்ன செய்யணும்?

மூச்சு, நாடி பாருங்கள், ஆளைக் கூப்பிடுங்கள், டியூட்டி டாக்டரிடம் மருந்தின் பெயரையும் அளவையும் அப்படியே சொல்லுங்கள். எதைப் போட்டோம் என்று தெரிந்தால்தான் முறிவு மருந்து தர முடியும். மிடசோலம் அதிகமானால் ஃப்ளுமாசெனில், வெக்யூரோனியம் என்றால் சுகமாடெக்ஸ் அல்லது நியோஸ்டிக்மின், அதுவரை அம்பு பேக். குப்பியையும் சிரிஞ்சையும் குப்பையில் போடாமல் கவரில் வையுங்கள். கேஸ் ஷீட்டில் நடந்ததை மட்டும், நேரத்தோடு. திருத்த வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. ஒயிட்னர் தொடவே தொடாதீர்கள்.

எண்ணூர் வாசகர்: சிஸ்டர், 106ல நர்ஸுக்கு எத்தனை வருஷம்னு சொல்லவே இல்லையே?

5. டிரேயில் பொட்டாசியம் இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?