நாயோடு கோடியக்கரை போகலாமா? பொங்கல் பயணத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: நாங்கள் மன்னார்குடி. பொங்கல் விடுமுறையில் வேன் பிடித்து வடுவூர் ஏரி, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரை என்று இரண்டு நாள் சுற்றிவர இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு மூன்று. எங்கள் லாப்ரடாரும் வருகிறான். பிள்ளைகளுக்குத் தடித்த ஜாக்கெட், நாய்க்கு ஸ்வெட்டர், ஷூ, எல்லாருக்கும் மலிவு லைஃப் ஜாக்கெட் என்று ஆன்லைனில் எடுத்து வைத்ததே ஒன்பதாயிரத்தைத் தொடுகிறது. எல்லாம் தேவையா? இன்னொன்று. போன வாரம் கடையில் வாங்கிய நாய் பெல்ட்டின் கொக்கி மூன்றாம் நாளே உடைந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பெல்ட்டை முதலில் பார்த்துவிடுவோம், அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. உடைந்த கொக்கியையும் பில்லையும் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் இன்னொரு முறை பொறுமையாகக் கேளுங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். ரோட்டோரம் அந்தக் கொக்கி விட்டுப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி பயணம். ஒன்பதாயிரத்தைக் கட்டும் முன் உங்கள் வழித்தடத்தைப் பாருங்கள். நீங்கள் சொன்ன மூன்று இடமும் வனத்துறையின் கையில் இருப்பவை. கோடியக்கரை வெளிமான்களின் இடம். நாய் துரத்தினால் அவை மிரண்டு ஓடும். சரணாலயத்துக்குள் நாயை விடமாட்டார்கள், விடவும் கூடாது. வடுவூரில் இது வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் காலம். நாயை வேனில் பூட்டி வைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டவே வேண்டாம். தை மாத வெயில்தானே என்று தோன்றும். கண்ணாடி ஏற்றிய வண்டி அரை மணியில் அடுப்பாகிவிடும். அவனும் வரத்தான் வேண்டும் என்றால் தரங்கம்பாடி, பூம்புகார் கடற்கரைப் பக்கம் திருப்புங்கள். இல்லையென்றால் அவனுக்குப் பழகிய சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

அவனுக்கு ஸ்வெட்டர், ஷூ இரண்டும் வேண்டாம். லாப்ரடாருக்கு இயற்கையிலேயே இரண்டு அடுக்கு மயிர். நம்மூர் மார்கழிக் குளிர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அந்தக் காசில் நல்ல உலோகக் கொக்கி வைத்த பெல்ட்டும் இரண்டு பழைய துண்டும் போதும். மேட்டூர் அணையை மூடுவது வழக்கப்படி ஜனவரி 28 என்பதால் பொங்கல் நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். நாய் இழுத்த இழுப்புக்கு ஆறு வயதுப் பையன் நிற்கமாட்டான். பெல்ட் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். வெறிநாய்க்கடி ஊசியும் எலிக்காய்ச்சல் ஊசியும் தவணை தவறாமல் போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கும் அந்தப் பஞ்சு ஜாக்கெட் வேண்டாம். அது பனிமலைக்குத் தைத்தது. நம் பக்கம் விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஓடுகிற பிள்ளைக்கு உள்ளே வேர்த்து, பனியன் நனைந்து, பிறகு அந்த ஈரமே குளிரும். முழுக்கைப் பருத்திச் சட்டை, மேலே மெல்லிய ஸ்வெட்டர், காது மூடும் குல்லா. முக்கியமானது மாற்றுத்துணி. காலை ஆறரைக்கு வடுவூர் ஏரிக்கரைப் புல்லில் பத்தடி நடந்தால் உங்கள் மகளின் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிடும்.

லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள். முத்துப்பேட்டைப் படகில் பெரியவர் அளவு ஜாக்கெட்டை மாட்டிவிட்டால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைவழியே கழன்றுவிடும். உள்பக்கச் சீட்டில் எத்தனை கிலோ எடைக்கு என்று எழுதியிருக்க வேண்டும். வயதை மட்டும் போட்டிருந்தால் ஒதுக்குங்கள். ‘இது உயிர்காக்கும் சாதனம் அல்ல’ என்று பொடி எழுத்தில் இருந்தால் அது நீச்சல்குள விளையாட்டுச் சாமான். மூன்று வயதுக்குப் பிடரியைத் தாங்கும் காலரும் தொடையிடுக்கில் மாட்டும் பட்டையும் அவசியம். பார்சல் வந்த அன்றே மகளுக்கு மாட்டி, பட்டையெல்லாம் இறுக்கி, இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறி, முகவாய் உள்ளே புதைந்தால் அளவு தப்பு. உடனே திருப்பி அனுப்புங்கள்.

சொன்ன தேதிக்குள் பார்சல் வராமல் பொங்கல் கழித்து வந்தாலும் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். 2020 மின்வணிக விதிகள் அந்த உரிமையைத் தருகின்றன. அந்தத் தளத்தின் புகார் அதிகாரி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் உறுதிசெய்து ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். டெலிவரி தேதி தெரியும் பக்கத்தை ஆர்டர் போடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

பயணத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கட்டினால் நாய்க்கு எட்டாமல் வையுங்கள். அதிலிருக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மகள் ஆசையாக ஊட்டிவிடப் போகிறாள், அவளிடமும் சொல்லி வையுங்கள்.