கிழிக்காத காலண்டர்

அன்புள்ள ஐயா,

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு, மாலையில் தங்கச்சிமடத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போனேன். அரண்மனைச் சுவர் முழுக்கச் சேதுபதி மன்னரின் போரும் புராணக் காட்சிகளும். மீனவர் வீட்டிலோ வெறும் காலண்டர் படங்கள். உழைக்கும் குடும்பங்களின் பக்தியையும் அன்றாடத்தையும் யாரும் வரைந்து வைக்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஒரு வாசகர், பரமக்குடி

அன்புள்ள வாசகருக்கு,

வருத்தம் நியாயமானது. சேதுபதிகளுக்குச் சங்கு குளித்துக் கொடுத்தவர்கள், ஓவியரை அமர்த்திச் சுவரில் எழுதவைக்க எங்கே போவார்கள்? ஆனால் ‘வெறும்’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

நாடகத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் கோவில்பட்டியில் வரைந்த தெய்வங்கள், சிவகாசியில் அச்சாகி ஓலைக்குடிசை வரை வந்தன. ஓவியம் ஏழை வீட்டுக்குள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

பாம்பனில் எனக்குப் பழக்கமான ஒரு வீட்டில், குழந்தை இயேசுவை ஏந்திய அந்தோணியார் காலண்டர் இருக்கிறது. தேதித்தாள்கள் தீர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வருமா? அட்டை மட்டும் ஆணியில் தொங்குகிறது. அந்த வீட்டு அக்காள் கடல்பாசி எடுக்கப் போகிறவர். விடிவதற்கு முன் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவார். தொட்டுத் தொட்டு அந்தோணியாரின் பாதம் வெளுத்துவிட்டது. அங்கியின் ஓரமாகப் பேனாவில் ஐஸ் பாக்கி, டீசல் கணக்கு, அதற்குக் கீழே மகளுக்குக் குழந்தை பிறந்த நேரம். நீங்கள் தேடிய பக்தியும் அன்றாடமும் ஒரே அட்டையில் இருக்கின்றன. அதை எழுதிய கையும் அந்தக் குடும்பத்தின் கைதான். அரண்மனை ஓவியத்தில் அரசர் தம் கையால் ஒரு கோடு இழுத்திருப்பாரா?

படகுகளையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவார்கள். ராமேஸ்வரம் கரையில் அப்போது ஒரு முற்பகல் நின்றால் போதும். சாமி பெயரை எழுதி முடிக்கும்வரை படகுக்காரர் பெயிண்டரின் பக்கத்தை விட்டு நகரமாட்டார்.

தங்கச்சிமடம் நண்பர் வீட்டுக்கு மறுபடி போனால், அனுமதி கேட்டு அந்தக் காலண்டரைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலும் எழுதியிருப்பார்கள்.

அன்புடன்.